‘ஒத்துக்காது’: ஒரு சொல்லும் நான்கு மணி நேரமும்

நோயாளி ஆண், வயது 68. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அன்று இரவு டியூட்டியில் இருந்த ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர், நான்தான்.

மாலை 6 மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தொப்புளைச் சுற்றித் திடீரென்று வலி பிடித்தது. அரை மணிக்குள் ஒருமுறை வாந்தி, ஒருமுறை வயிற்றுப்போக்கு. 8 மணிக்கு அவசரப் பிரிவுக்கு வந்தபோது மனிதர் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தார். ஆனால் டியூட்டி டாக்டர் கை வைத்து அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருந்தது. இறுக்கம் இல்லை; ஓரிடத்தில் தொட்டால் துள்ளுகிற வலியும் இல்லை. நாடித்துடிப்பு 104, சீரில்லாமல். இரத்த அழுத்தம் 150/90. வெள்ளை அணுக்கள் 14,800. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் 2.1, சற்றே கூடுதல். ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. அது அவருக்குச் சில வருடங்களாக உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர், பல் பிடுங்குவதற்காக அதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தி 12 நாள் ஆகியிருந்தது. திரும்ப ஆரம்பிக்கவில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லாத வயிறு, ஆனால் தாங்க முடியாத வலி. குடல் தன்னைத்தானே காலி செய்துகொண்டது. உறைகட்டி உருவாக வாய்ப்புள்ள இதயம். மூன்றும் சேர்ந்தால் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். டியூட்டி டாக்டரும் அதைத்தான் நினைத்தார். சிடி ஆஞ்சியோகிராம் என்று எழுதவும் ஆரம்பித்தார். அயோடின் அடங்கிய கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் செலுத்தி இரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன் அது. அப்புறம் ஃபைலைத் திருப்பினார்.

முதல் பக்கத்தின் மேல் மூலையில், சிவப்பு மையில், கட்டம் கட்டி எழுதியிருந்தது: ‘அயோடின் அலர்ஜி’.

கூட வந்த மகளிடம் கேட்டார். “ஆமா டாக்டர், அப்பாவுக்கு அயோடின் ஒத்துக்காது. முன்னாடி ஒரு தடவை ஊசி போட்டு மயங்கிட்டாரு” என்றார் மகள். விசாரணை அத்தோடு முடிந்தது. ஆர்டர் மாறியது: வயிறு சிடி, கான்ட்ராஸ்ட் வேண்டாம்.

இரவு 9.40

கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே கதிர் உடம்பைக் கடக்கும்போது எலும்பு நிறையத் தடுக்கிறது, காற்று அநேகமாகத் தடுப்பதே இல்லை. நடுவில் இருக்கும் மற்ற உறுப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் தடுக்கின்றன. இதை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணில் சொல்வோம்: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. ஓடுகிற இரத்தம் 40 பக்கம் வரும். தசையும் குடல் சுவரும் அதே அக்கம்பக்கம்தான். ஆகவே ஒரு தமனியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அதற்குள் இரத்தம் ஓடுகிறதா, நின்றுபோய்விட்டதா என்பதை அந்தச் சாம்பல் நிறம் சொல்லாது. சிறுநீரகக் கல்லுக்கும், குடல் ஓட்டையாகிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், மூளைக்குள் இரத்தக்கசிவுக்கும் இந்த ஸ்கேன் அருமையானது. குடலுக்கு இரத்தம் போகிறதா என்ற கேள்வியை இதனிடம் கேட்கவே கூடாது.

கேட்டோம். பதிலுக்கு ஒரு கல் கிடைத்தது. இடது சிறுநீரகத்தில் 3 மி.மீ. கல், சிறுநீர்ப் பாதையில் அடைப்பு எதுவும் இல்லை. குடல் வீங்கவில்லை, வெளியே காற்று இல்லை, நீர் இல்லை. ரிப்போர்ட்டில் அதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியாக ‘கான்ட்ராஸ்ட் கொடுக்காததால் இரத்தக்குழாய்களை மதிப்பிட இயலவில்லை’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வரி உண்மைதான். ஆனால் அதை நான் யாருக்காக எழுதினேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது உதவும். படுக்கையில் புரண்டுகொண்டிருந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆர்டரில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், கடும் வயிற்று வலி’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அப்போதே போனை எடுத்து, “இந்த ஸ்கேன் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, கான்ட்ராஸ்ட் ஏன் கொடுக்கக் கூடாது?” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கீழே அவசரப் பிரிவில் ரிப்போர்ட்டை வாங்கியவர்கள் கண்ணில் கல் பட்டது. கல்வலி என்று நினைத்து வலிநிவாரணி கொடுத்து, காலை வரை பார்க்கலாம் என்று வார்டுக்கு அனுப்பினார்கள். அடைப்பே இல்லாத 3 மி.மீ. கல் ஒருவரை இப்படிப் புரள வைக்காது.

இரவு 1.10

அறுவை சிகிச்சை நிபுணர் போன் செய்தார். பலமான வலிநிவாரணி இரண்டு தடவை போயும் வலி குறையவில்லை. லாக்டேட் 3.9 ஆகியிருந்தது. “எனக்கு ஆஞ்சியோ வேணும். அலர்ஜின்னு போட்டிருக்கு. என்ன பண்ணலாம் சொல்லுங்க” என்றார்.

வார்டுக்குப் போனேன். ஸ்கேன் அறையை விட்டு நோயாளியின் படுக்கைப் பக்கம் போவது எங்கள் தொழிலில் குறைவு. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, அந்த ஊசி போட்டப்போ நீங்க கூட இருந்தீங்களா?”

“இருந்தேன் டாக்டர். காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன். அப்பாவுக்கு அப்போ கிட்னியில கல்லு. கல்லுக்கு ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க.”

“போட்டதும் என்ன ஆச்சு?”

“உடம்பு பூரா சூடா இருக்குன்னாரு. வாந்தி எடுத்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு, அப்படியே கண்ணு சொருகிடுச்சு.”

“உடம்புல தடிப்பு, அரிப்பு எதாவது?”

“இல்ல.”

“மூச்சு வாங்குச்சா? தொண்டை அடைச்ச மாதிரி, குரல் மாறின மாதிரி?”

“இல்ல டாக்டர். காலைத் தூக்கி வெச்சாங்க, ஒரு ஊசி போட்டாங்க. பத்து நிமிஷத்துல எழுந்து தண்ணி கேட்டாரு.”

“அப்ப அயோடின்னு யார் சொன்னது?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவருக்கு இறால் சாப்பிட்டா உதடு அரிக்கும். அடுத்து வேற டாக்டர்கிட்ட போனப்போ ஊசி ஒத்துக்கல, இறாலும் ஒத்துக்காதுன்னு ரெண்டையும் சொன்னோம். ‘அப்ப அயோடின்தான்’னு சொல்லி அவர் எழுதினாரு.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே பழைய காகிதங்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல. ஐந்தாவதோ ஆறாவதோ காகிதம் அது: ஐ.வி.பி. என்று நாங்கள் சொல்லும் சிறுநீரக எக்ஸ்ரேயின் குறிப்பு. ஏறக்குறைய 20 வருடம் பழசு. நீல மை வெளுத்திருந்தது. கொடுத்த கான்ட்ராஸ்ட் மருந்தின் பெயர் டையட்ரைசோயேட். அதற்குக் கீழே, அவசரமான கையெழுத்தில், ‘2 நிமிடத்தில் வாந்தி, வியர்வை, மயக்கம். நாடி 46. பிபி 80/50. தடிப்பு இல்லை. நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. கால் உயர்த்தப்பட்டது. அட்ரோபின் 0.6 மி.கி. 10 நிமிடத்தில் தெளிவு.’

நாடி 46. எழுதியவர் யாரென்று தெரியாது. அவர் அந்த எண்ணைக் குறித்து வைத்ததுதான் அன்று இரவு எங்களுக்கு வழி காட்டியது.

அந்த எண் என்ன சொல்கிறது

ஒவ்வாமை முற்றி இரத்த அழுத்தம் விழுந்தால், இதயம் அதை ஈடுகட்ட ஓட்டமாக ஓடும். நாடி 120, 130 என்று ஏறும். கூடவே பெரும்பாலும் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சுத் திணறலோ இருக்கும். இன்னொரு வகை மயக்கம் உண்டு. பயத்திலோ, வலியிலோ, மருந்து தரும் திடீர் அசௌகரியத்திலோ வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்தை மெதுவாக்கிவிடும். அப்போது அழுத்தமும் விழும், நாடியும் விழும். இரத்தத்தைப் பார்த்ததும் சிலர் மயங்கி விழுகிறார்களே, அதே வகைதான். காலை உயர்த்தி, சலைன் ஏற்றி, தேவைப்பட்டால் நாடியை ஏற்றும் அட்ரோபின் கொடுத்தால் சரியாகிவிடும். இது ஒவ்வாமை இல்லை. அடுத்த முறை அதே மருந்து கொடுக்க இது தடையும் இல்லை. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றலாம், ஏனென்றால் அவர்களுடைய நாடியை மாத்திரை பிடித்து வைத்திருக்கும். இவர் அந்தக் காலத்தில் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது நம் மொழியைச் சேர்ந்தது. ‘ஒத்துக்கல’ என்று நாம் சொல்லும்போது அதற்குள் எத்தனையோ அடங்கிவிடுகிறது. தடித்துப் போனாலும் ஒத்துக்கல, வாந்தி வந்தாலும் ஒத்துக்கல, பயத்தில் மயங்கினாலும் ஒத்துக்கல. பேச்சுக்கு அது போதும், அழகான சொல்லும்கூட. ஆனால் கேட்பவர் மேலே கேள்வி கேட்காமல் அதை அப்படியே ‘அலர்ஜி’ என்று ஃபைலில் எழுதினால், ஒருநாள் வந்த வாந்தி ஆயுள் முழுதும் ஒரு தடையாகிவிடுகிறது. நோயாளி சொன்னதில் தவறே இல்லை. பெயர்த்து எழுதியதில்தான் தவறு நடந்தது.

ஒருவேளை அன்று நடந்தது உண்மையான ஒவ்வாமையாகவே இருந்திருந்தால்? அப்போதும் ஸ்கேனைத் தள்ளிப்போட முடியாது. ஒவ்வாமையைத் தடுக்கும் வழக்கமான முன்மருந்து முறையில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு 50 மி.கி.யை ஸ்கேனுக்கு 13 மணி, 7 மணி, 1 மணி நேரம் முன்னால் கொடுப்பார்கள். அவசரத்துக்கு ஊசியாகக் கொடுக்கும் முறையிலும் 4 அல்லது 5 மணி நேரம் வேண்டும். இரத்தம் முழுதாக நின்றுபோன குடல் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் மீளாத நிலைக்குப் போய்விடும். அவருக்கு அப்போதே 7 மணி நேரம் தாண்டியிருந்தது. அந்த நிலையில் வேறு ஒரு கான்ட்ராஸ்ட் மருந்தைத் தேர்ந்து, கடும் ஒவ்வாமைக்கு மருந்தான அட்ரினலினை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கேனை எடுத்துவிடுவதுதான் சரி.

சிறுநீரகம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த நேரத்தில் ஜூனியர் டாக்டர் ஒருவர் கிரியாட்டினினைக் காட்டி, கான்ட்ராஸ்ட் சிறுநீரகத்தைக் கெடுக்குமோ என்று தயங்கினார். இவருடைய அளவுக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மி.லி. பக்கம் வரும். இரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் கான்ட்ராஸ்டுக்கு இன்று நாங்கள் கவலைப்படுவது 30-க்குக் கீழே போனவர்களைப் பற்றி. உயிர் ஊசலாடும்போது அந்த 30-ம் தடை ஆகாது.

இரவு 1.50

முழங்கை மடிப்பில் 18 கேஜ் வென்ஃப்ளான், அதாவது சிரைக்குள் வைக்கும் சிறு குழாய். கான்ட்ராஸ்ட் மருந்து அயோஹெக்ஸால், மி.லி.க்கு 350 மி.கி. அயோடின் உள்ளது, 100 மி.லி. நொடிக்கு 4 மி.லி. வேகம். பின்னாலேயே 40 மி.லி. சலைன். இதயத்துக்காக அவர் இப்போது பீட்டா பிளாக்கர் சாப்பிடுவதால், அட்ரினலின் வேலை செய்யாமல் போனால் கொடுக்க குளுக்ககானும் எடுத்து வைத்தோம். ஆக்சிஜன், சக்‌ஷன் எல்லாம் தயார்.

ஸ்கேன் மேசையில் அவர் காதருகே குனிந்து சொன்னேன்: “ஐயா, மருந்து உள்ள போகும்போது உடம்பு சூடாகும். வாய்ல உலோகம் மாதிரி ஒரு ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி தோணும், போயிருக்க மாட்டீங்க. எல்லாருக்கும் அப்படித்தான். அரை நிமிஷத்துல போயிடும்.” அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். 20 வருடத்துக்கு முன் அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் மயங்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்கு ஆவது இருபது நொடி.

மருந்து போனது. “சூடா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் பெருந்தமனி வெளுக்க ஆரம்பித்தது. பல வருடமாக இந்தக் காட்சியைப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. அயோடினின் அணு எண் 53. நம் தசையையும் இரத்தத்தையும் ஆக்கியிருக்கும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் எல்லாம் 1, 6, 8. எக்ஸ்ரே கதிரை அணு விழுங்கும் திறன் அணு எண்ணின் முப்படியை ஒட்டி ஏறுகிறது. அதற்கும் மேல், அயோடினின் உள்வட்ட எலக்ட்ரான்கள் 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கதிரைத் திடீரென்று பல மடங்கு விழுங்கும். மருத்துவத்தில் நாம் பயன்படுத்தும் கதிர்க்கற்றையில் அந்த எல்லையைச் சற்றே தாண்டிய கதிர்கள் நிறைய உண்டு. குழாய் மின்னழுத்தத்தை 120-லிருந்து 100 கிலோவோல்ட்டுக்குக் குறைத்தால் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரிவது இதனால்தான். 40-ல் இருந்த இரத்தம் 350-க்கு ஏறியது. ஒரு நிமிடத்துக்கு முன் சாம்பலாக இருந்த வட்டங்கள் எல்லாம் வெள்ளையாயின.

ஒன்றைத் தவிர. குடலுக்குப் போகும் மேல் மெசென்டெரிக் தமனி, பெருந்தமனியிலிருந்து கிளம்பி 6 செ.மீ. வரை வெள்ளையாக வந்து, சட்டென்று நின்றது. முடிவு கிண்ணம் போல உள்வளைந்திருந்தது. எங்கிருந்தோ வந்து சிக்கிய உறைகட்டியின் கையெழுத்து அது. தமனியின் ஆரம்பத்தில் பிரியும் கிளைகளுக்கு இரத்தம் போனதால் சிறுகுடலின் முதல் வளையங்கள் ஒளிர்ந்தன. அதற்குக் கீழே உள்ள வளையங்களின் சுவர் இருண்டு கிடந்தது. குடல் செத்துக்கொண்டிருப்பதைக் காட்டும் காற்று சுவருக்குள் இன்னும் வரவில்லை.

எண்பது நொடியில் தெரிந்துவிட்டது. போனை வைக்கும் முன்பே அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார் நிபுணர்.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் 9.40 ஸ்கேனை மறுபடியும் திறந்தது. திரையின் வெளுப்பு கருப்பு அளவை இறுக்கி, அதே இடத்தைப் பெரிதாக்கினேன். தமனிக்குள் ஒரு புள்ளி. பக்கத்து சிரையில் 42, புள்ளியில் 68. உறைந்த இரத்தம் ஓடுகிற இரத்தத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது. எங்கே என்று தெரிந்துகொண்டு தேடினால் கிடைக்கிற புள்ளிதான். ஆனாலும் அது அங்கே இருந்தது.

3 மணிக்கு அறுவை தொடங்கியது. இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்து, தமனியைத் திறந்து, பலூன் கதீட்டரால் கட்டியை இழுத்தெடுத்தார்கள். பெரும்பகுதி குடல் நிறம் திரும்பியது. கடைசிப் பகுதியில் 80 செ.மீ. திரும்பவில்லை, அதை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 36 மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்து பார்த்தபோது மிச்சம் நன்றாக இருந்தது. பதினாறாம் நாள் வீட்டுக்குப் போனார். 9.40-க்கே கான்ட்ராஸ்ட் கொடுத்திருந்தால் வலி வந்து நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த 80 செ.மீ.யில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அளந்து சொல்ல முடியாது. கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அயோடின் மேல் பழி வந்த கதை

‘அயோடின் அலர்ஜி’ என்று ஒன்று கிடையாது. இதைச் சொன்னால் சக மருத்துவர்களே சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். தைராய்டு சுரக்கும் தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணு இருக்கிறது. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினால் தோல் எரிந்தால் அது பெரும்பாலும் எரிச்சல்தான். கான்ட்ராஸ்ட் மருந்துக்கு ஒவ்வாமை வந்தால் அது அந்த மூலக்கூறு முழுமைக்கும் வருவது. மூன்றையும் இணைப்பது அயோடின் என்ற பெயர் மட்டும். எந்த உணவு ஒவ்வாமை இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும் கான்ட்ராஸ்ட் எதிர்வினைக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். இரண்டு மூன்று மடங்கு என்பார்கள். இறாலுக்கு அதில் தனி இடம் எதுவும் இல்லை.

தைராய்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் தனியாக உண்டு. நம் உடம்பில் உள்ள மொத்த அயோடின் 15, 20 மி.கி.தான். அன்று இரவு அவருக்குள் போனது 35 கிராம். பெரும்பகுதி மூலக்கூறோடு கட்டுண்டு, சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளைக்குள் வெளியேறிவிடும். ஆனாலும் விடுபட்ட சிறு அளவுகூட, தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குத் தொல்லை கொடுக்கலாம். அதை அலர்ஜி என்று அழைக்கக் கூடாது.

அயோடின் இந்த வேலைக்கு வந்ததே தற்செயலாகத்தான். 1923-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆஸ்போர்னும் சகாக்களும், சிஃபிலிஸ் நோய்க்கு சோடியம் அயோடைடு கொடுக்கப்பட்டவர்களின் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேயில் தெரிவதைக் கவனித்தார்கள். 1929-ல் மோசஸ் ஸ்விக் ஜெர்மனியில் யூரோசெலக்டன் என்ற மருந்தைக் கொண்டு சிறுநீரகங்களைத் தெளிவாகக் காட்டினார். பின்னால் ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுவைப் பொருத்திய மருந்துகள் வந்தன. டையட்ரைசோயேட் அந்தக் குடும்பம். அது உப்பு. கரைந்ததும் இரண்டாகப் பிரியும், ஆனால் அதில் ஒரு பாதியிடம்தான் அயோடின் இருக்கிறது. மற்ற பாதி வெறுமனே கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை, அதாவது சுற்றியுள்ள செல்களிலிருந்து நீரை இழுக்கும் விசையை, ஏற்றுகிறது. அந்தக் காலத்து அடர்ந்த கரைசல்கள் இரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் அழுத்தம் கொண்டவை. இரத்தக்குழாய்க்குள் அப்படி ஒன்றைச் செலுத்தினால் சூடும் வலியும் குமட்டலும் வராமல் என்ன செய்யும்?

இதற்கு விடை கண்டவர் ஸ்வீடனின் தோர்ஸ்தென் அல்மேன் என்ற ரேடியாலஜிஸ்ட். உப்பு குறைந்த பால்டிக் கடலில் நீந்தும்போது கண் எரிவதில்லை, மேற்குக் கரையின் உப்புக் கடலில் எரிகிறது என்பது அவருக்குச் சிறு வயது அனுபவம். நோயாளிகள் படும் வலிக்கும் இதே காரணம்தானோ என்று யோசித்தார். பிரியாத மூலக்கூறாக ஒன்றைச் செய்தால் துகள்களின் எண்ணிக்கை பாதியாகும் என்று 1969-ல் எழுதினார். மெட்ரிசமைடு, அதற்கடுத்து 1980-களில் அயோஹெக்ஸால் எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள். அயோஹெக்ஸாலின் அழுத்தம் இரத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. இரட்டை வளையம் கொண்ட அயோடிக்ஸனால் இரத்தத்துக்குச் சமம்.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஜப்பானில் கட்டயாமா குழுவினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 3,37,647 பேர். டையட்ரைசோயேட் போலக் கரைந்ததும் பிரியும் பழைய அயனி மருந்துகளில் ஏதாவது ஒரு எதிர்வினை 12.66 சதவீதம் பேருக்கு. புதிய மருந்துகளில் 3.13 சதவீதம். கடுமையானவை 0.22-லிருந்து 0.04 சதவீதமாக இறங்கின. எங்கள் நோயாளி 20 வருடத்துக்கு முன் வாங்கிய மருந்தும் இப்போது நாங்கள் கொடுத்ததும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வரலாம். இரண்டும் ஒன்றல்ல.

0.04 என்பது பூஜ்யமும் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே ஆபத்தானது. இந்தக் கேஸைப் படித்துவிட்டு யாராவது “அலர்ஜியெல்லாம் சும்மா” என்று முடிவுக்கு வந்தால் அது முதல் தவறைவிட மோசம். உடம்பெல்லாம் தடித்து, குரல் கட்டி, அழுத்தம் 60-க்கு விழுந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி.யை உடனே போடுவதுதான் உயிர் காப்பது. ஸ்டீராய்டைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி ஒருமுறை வந்தவருக்கு அந்த மருந்தின் பெயரைக் குறித்து, அதை இனித் தவிர்க்க வேண்டும். அப்போதுகூட எழுத வேண்டியது ‘அயோஹெக்ஸால்’ என்ற பெயர். ‘அயோடின்’ என்று எழுதினால் அடுத்து வருபவர் எதைத் தவிர்ப்பது, எதைக் கொடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுப்பார், அல்லது அதே மருந்தையே திரும்பக் கொடுப்பார்.

மாற்றியவை

எங்கள் துறையின் படிவத்தில் ‘அலர்ஜி: ஆம் / இல்லை’ என்ற கட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் என்ன மருந்து, எப்போது, என்ன ஆனது, என்ன செய்து சரியானது என்று எழுத நான்கு வரி இருக்கிறது. நாடித்துடிப்பு தெரிந்தால் அதையும் கேட்கிறோம். இன்னொன்று எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி: இரத்தக்குழாயைப் பற்றிய கேள்விக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஸ்கேன் வந்தால், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் போன் செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் ‘இயலவில்லை’ என்று எழுதுவதை அதற்குப் பதிலாக ஏற்பதில்லை. முதல் சில வாரம் டியூட்டி டாக்டர்கள் அலுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே முன்கூட்டிக் கூப்பிட்டு என்ன ஸ்கேன் என்று கேட்கிறார்கள்.

அவருடைய ஃபைலில் சிவப்பு மை எழுத்தை அடித்து, தேதியிட்டு, பக்கத்தில் எழுதினேன்: ‘டையட்ரைசோயேட் ஊசிக்கு வேகஸ் நரம்பு மயக்கம், நாடி 46, ஒவ்வாமை அல்ல. அயோஹெக்ஸால் 100 மி.லி. கொடுக்கப்பட்டது, எதிர்வினை இல்லை. இறால்: உதடு அரிப்பு, உணவு ஒவ்வாமை.’ அதையே ஒரு சிறு அட்டையில் எழுதி மகளிடம் கொடுத்தேன். அந்த பிளாஸ்டிக் கவருக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஆஞ்சியோகிராமுக்கு வந்தார். எடை சற்றுக் குறைந்திருந்தது, நடை நன்றாக இருந்தது. உறையாமைக்கான மாத்திரையை ஒருநாளும் விடவில்லை என்று மகள் சொன்னார். டெக்னீஷியன் அட்டையை வாங்கி மெதுவாகப் படித்து, அப்புறம் வழக்கம்போல் சூட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். “சூடு வரும், தெரியும் தம்பி. நீங்க போடுங்க” என்றார் அவர்.

தமனி கடைசிக் கிளை வரை வெள்ளையாக நிறைந்திருந்தது.